அலகில் ஒட்டிய பருக்கை

வா அம்மணி, உள்ள வா. செருப்பை வெளியில வுட்டுட்டு வராதே, தெருநாய் கவ்விட்டுப் போயிரும். இப்படிக் கதவோரமா வெச்சுட்டு வந்து உக்காரு. அவரு இல்லை. கொளத்துல மஞ்சமூக்கு நாரை எறங்கியிருக்குதுன்னு விடியாலயே கேமராவைத் தூக்கிட்டுப் போயிட்டாரு. நீ இன்னைக்கு வர்றது அவருக்குத் தெரியுமில்ல? தெரிஞ்சுதான் போயிருக்காரு. போச்சாது போ, நான் இருக்கறேன். உனக்கு என்ன கேக்கோணுமோ என்னைக் கேளு. அந்த ஊருல பத்து நாளும் கூடவே இருந்தவ நான்தானே.

விசயம் எனக்குத் தெரியும், நீ தயங்க வேண்டாம். தென் அமெரிக்காவுல ஈக்வடார்னு ஒரு நாடு, அங்க மலைக்காட்டுல எங்கூட்டுக்காரரு ஒரு பறவையைப் படம் புடிச்சாரு. படத்தை உங்க பறவைச் சங்கத்துப் போட்டிக்கு அனுப்புனாரு. சோறு வெச்சு ஆசைகாட்டி வரவழைச்சுத்தான் படம் புடிச்சாருன்னு உங்க சங்கத்துல இருக்கற அந்தப் பல் டாக்டர் புகார் எழுதிப்போட்டாரு. நெசம்னு ஆயிருச்சுன்னா படத்தைத் தள்ளிருவீங்க. மூணு வருசத்துக்கு அவரு பேரையும் சங்கத்துல இருந்து எடுத்துருவீங்க. அதுக்குத்தானே நீ நோட்டும் பேனாவுமா வந்திருக்கறே? எழுதிக்க. எங்கூட்டுக்காரரு நாச்சிமுத்து சோறு வெக்கலை. ஒரு பருக்கை வெக்கலை. எழுதிட்டியா? கற்பூரம் கொளுத்தி அடிச்சுச் சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்றேன்.

அவரு என்ன வேலை பார்த்தாருன்னு உனக்குத் தெரியுமா? எடை அளவு இன்ஸ்பெக்டர். கடை கடையாப் போயி தராசுக்கு முத்திரை போடறது. என்ற கூடப்பொறந்த அண்ணன் மளிகைக் கடையிலயே தட்டுக்கு அடியில கையை வுட்டுத் தடவிப் பார்த்த மனுசன். அண்ணன் ரெண்டு வருசம் எங்கூட்டுப் படி ஏறலை. கடைக்காரங்க குடுக்கற காயிதத்துல ஒரு கட்டம் காலியா இருந்தாலும் திருப்பி அனுப்பிருவாரு. 'காலிக் கட்டம்னா ஒளிக்கறான்னு அர்த்தம், மரகதம்'னு என்கிட்டச் சொல்லுவாரு. நான் என்னத்தைக் கண்டேன், பால் கணக்கு எழுதறப்பக்கூட கட்டம் காலியா வுட மாட்டேன், கோடாச்சும் இழுத்து வெப்பேன்.

உங்க சங்கத்துல அந்த விதியை எழுதுனதே அவருதான். 'பறவைக்கு உணவு வைக்கப்பட்டதா?' போட்டிக் காயிதத்துல ஏழாவது கேள்வி. போன வருசம் பல் டாக்டரோட மீன்கொத்திப் படத்தைத் தள்ளுனதும் அவருதான். படத்து ஓரத்துல நீலமா ஒரு கோடு தெரிஞ்சுது. எல்லாரும் தண்ணின்னு நெனைச்சாங்க. எங்கூட்டுக்காரரு பூதக்கண்ணாடி வெச்சுப் பார்த்துட்டு, இது பிளாஸ்டிக் தொட்டி விளிம்பு, தொட்டிக்குள்ள மீனை வுட்டு எடுத்திருக்காருன்னுட்டாரு. டாக்டரும் ஒத்துக்கிட்டாரு. ஆனா மறப்பாரா? பல்லுல சொத்தை தேடித் தேடிப் பழகுன கண்ணாச்சே.

என்ன சொல்றே? ஏழாவது கட்டம் காலியா இருக்குதா? யாரு அனுப்புனதுல, அவரு அனுப்புனதுலயா? எங்க காட்டு. கண்ணாடி எடுத்துட்டு வர்றேன், இரு.

ஆமா, காலியாத்தான் இருக்குது. மேலயும் கீழயும் முத்து முத்தா எழுதியிருக்காரு. மறந்திருப்பாரு அம்மணி. அறுவத்தி நாலு வயசாச்சு. நேத்துக்கூட மூக்குக்கண்ணாடியைத் தலையில மாட்டிக்கிட்டு ஊடு பூராத் தேடுனாரு. அதை நாம ரெண்டு பேரும் இப்பவே நெரப்பிரலாம். நடந்ததை நான் ஒண்ணு வுடாமச் சொல்றேன், கேட்டுட்டு நீயே எழுது.

அந்த ஊருக்கு நான் வரலைன்னுதான் சொன்னேன். எங்க மாமியார் தவறி அப்ப ஒம்பது மாசம். வருசம் திரும்பற வரைக்கும் தெனமும் காக்காய்க்குச் சோறு வெச்சுட்டுத்தான் சாப்பிடறதுன்னு எனக்கு ஒரு நேமம். காக்கா வாய் வெக்காம நான் வாய் வெக்க மாட்டேன். 'ஏனுங்க, அந்த ஊருல காக்கா இருக்குதா?'ன்னு கேட்டேன். 'அங்க ஆயிரத்து அறுநூறு வகைப் பறவை இருக்குது மரகதம்'னாரு. ஆயிரத்து அறுநூறு இருக்கறப்பக் காக்காயா இல்லாமப் போயிரும்னு நானும் கெளம்பிட்டேன். அவருக்கு அப்பவே தெரியும் அம்மணி, அங்க ஒரு காக்கா கெடையாதுன்னு. நேரா கேட்டதுக்கு நேரா பதில் சொல்லலை. அது ஒண்ணுதான் அவரு என்கிட்டச் செஞ்ச திருகுதாளம்.

மலைமேல மரத்தால கட்டின விடுதி. காலையில கதவைத் தொறந்தா மேகம் உள்ள வந்து உக்காந்துக்கும். துணி பத்து நாளும் காயலை. அவரு அங்க போனது குவானுங்கற பறவைக்கு. வான்கோழி பெருசு இருக்கும். ஆனா கோழியாட்டம் தரையில மேயாது, மரத்து மேலயே நடக்கும், அந்த ஒடம்பை வெச்சுட்டு சின்னக் கெளையில அது நடக்கறதைப் பார்த்தா நமக்குப் பயமா இருக்கும். அதுல ஏகப்பட்ட சாதி. பழுப்பு, செவப்பு எல்லாம் மொத நாளே கெடச்சுருச்சு. தலையில சுருட்டை மயிரோட குராசோன்னு இன்னொரு பெரிய பறவை, அதையும் புடிச்சுட்டாரு. ஆனா அவரு மனசுல இருந்தது வேற. வாட்டில்டு குவான்னு பேரு. கன்னங்கரேல்னு ஒடம்பு, நீல அலகு, கழுத்துல இருந்து மஞ்சளா ஒரு தொங்கல். அதோட சத்தம் மட்டும் விடியால கேக்கும், மிக்சி ஓடி நிக்கறாப்பல. ஆளைக் காட்டாது.

அதுக்காக செகுந்தோன்னு அந்த ஊரு வழிகாட்டியோட தெனமும் இருட்டோட எந்திரிச்சு, ஒரு மணி நேரம் காட்டுக்குள்ள நடந்து, பச்சைத் துணி மறைப்புக்குள்ள போயி உக்காந்துக்குவாரு. பொழுது சாயற வரைக்கும் அதுக்குள்ளயேதான். இருமக் கூடாது, தும்மக் கூடாது. தராசு முள்ளு நிக்கற வரைக்கும் மூச்சு வுடாமப் பார்த்துப் பழகுனவரு, அவருக்கு அது செரமமே இல்லை. சாயங்காலம் எறும்புக் கடியோட வருவாரு. 'வந்துதாங்க?'ன்னு கேப்பேன். 'கேட்டுச்சு, வரலை'ம்பாரு. செகுந்தோ ஒரு நாளு, ரெண்டு வாழப்பழத்தை அந்தக் கெளையில குத்தி வெச்சா வந்துரும், இங்க எல்லாரும் அப்படித்தான் செய்வோம்னு சைகையில சொன்னானாம். எங்கூட்டுக்காரரு அன்னைக்குப் பூரா அவன்கூடப் பேசலை. இதை எழுதிக்க அம்மணி, இது முக்கியம். வாழப்பழமே வேண்டாம்னவரு.

நான் பாட்டுக்கு விடுதியில இருந்தேன். அவரு படம் புடிக்கற விசயத்துல நான் தலையிடவே மாட்டேன். சமையக்கட்டுல ரோசாரியோன்னு ஒரு பொம்பளை. அவளுக்கு என்ற பாசை தெரியாது, எனக்கு அவ பாசை தெரியாது. வெங்காயம் அரியறதுக்கு என்ன பாசை வேணும்? ஊருல இருந்து துவரம்பருப்பும் சீரகமும் கொண்டு போயிருந்தேன். மொத நாளே அரிசிம்பருப்புச் சோறு ஆக்குனேன். எங்க மாமியாருக்கு அதுதான் உசுரு. சின்ன வெங்காயம் அங்க கெடைக்கலை, பெரிய வெங்காயத்துல ஒப்பேத்துனேன். வாழையெலை அங்க வேணுங்கற அளவு. ஒரு துண்டு எலையில சோறு, ஒரு பழம், கொஞ்சம் பாயசம் வெச்சு, பின்னால இருக்கற மரத்திண்டு மேல வெச்சுட்டு, 'கா... கா...'ன்னு கூப்புட்டேன்.

கூப்புட்ட சத்தத்துக்குத் தோட்டத்துல இருந்து ஒருத்தன் தொலைநோக்கியைத் தூக்கிட்டு ஓடி வந்தான், என்னமோ புதுப் பறவை கத்துதுன்னு. காக்கா வரலை. பதினொண்ணு ஆச்சு, பன்னெண்டு ஆச்சு. எனக்குன்னா பசி. சாயங்காலம் இவரு வந்ததுக்கு அப்புறம்தான் விசயமே வெளிய வருது. அந்தக் கண்டத்துலயே காக்கா கெடையாதாம். அதெப்படிங்க ஒரு கண்டம் பூரா காக்கா இல்லாமப் போவும்? அப்ப அந்த ஊருல செத்தவங்க எல்லாம் பட்டினியா கெடக்கறாங்களா? நான் கேட்டது நாயந்தானே? அவரு சிரிக்கறாரு. ரோசாரியோ சிரிக்கலை. நான் மேல கையைக் காட்டி, சோத்தைக் காட்டி, அவருக்கு அம்மான்னு சொன்னதும் அவளுக்குப் புரிஞ்சு போச்சு. அவங்களும் வருசத்துல ஒரு நாளு கல்லறைக்குச் சோறு பலகாரமெல்லாம் கொண்டு போயிச் சொந்தக்காரங்களோட உக்காந்து சாப்பிடுவாங்களாம். பொம்பளைக்குப் பொம்பளை இதெல்லாம் தெரியும்.

ரெண்டாம் நாளும் வரலை. ரெண்டு வாழப்பழத்தோட கெடந்தேன். மூணாம் நாளு பதினோரு மணிக்கு, கூரை மேல தடதடன்னு சத்தம். எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு. எங்க மாமியார் எந்த ஊட்டுக்குப் போனாலும் வாசல்லயே செம்பை உருட்டி, வெளக்குமாத்தைத் தள்ளி, நாலு பேருக்குத் தெரியறாப்பலத்தான் உள்ள வருவாங்க. கருப்பா ஒண்ணு திண்டு மேல எறங்குச்சு. கழுத்துல மஞ்சக் கயிறு தொங்குது. எங்க மாமியார் மஞ்சக் கயிறோட போன மகராசி அம்மணி. மாமனார் இன்னும் இருக்காரு, கொழுந்தனார் ஊட்டுல.

எலையை ஒருக்களிச்சு ஒரு பார்வை. அப்புறம் பழத்தைத்தான் மொத எடுத்துச்சு, எங்க மாமியாரும் இனிப்புலதான் ஆரம்பிப்பாங்க. அப்புறம் பாயசம். கருவேப்பெலையை அலகால ஒதுக்கி ஓரமா வெச்சுது. பழுப்பு நெறத்துல வேற ஒரு குவான் பக்கத்துல வந்துச்சு, ஒரே வெரட்டு. மொதப் பந்தியில வேற ஆளை உக்கார வுட மாட்டாங்க அவங்க. கடைசியா அரிசிம்பருப்புச் சோறு. குனிஞ்ச தலை நிமுராம சாப்பிட்டுது. எலையில ஒண்ணு மிச்சமில்லை.

எனக்கு அவங்க மேல ஒரு வருத்தமும் கெடையாது அம்மணி. நான் எதையும் மனசுல வெச்சுக்கற ஆளில்லை. முப்பத்தி ஒரு வருசம் ஒரே ஊட்டுல இருந்தோம். தெனமும் மூணு வேளை ஆக்கிப் போட்டேன். மொத வாய் எடுத்ததும் செவுத்தைப் பார்ப்பாங்க. 'உப்பு ஒரு கல்லு பத்தலை'ம்பாங்க. உப்பு தூக்கலாப் போட்டா, 'புளி பத்தலை.' தொண்ணூத்தி ஆறு ஆடி நோம்பிக்கு ஒறம்பரை பதினெட்டுப் பேரு, அத்தனை பேரும் நல்லாருக்குதுன்னாங்க, இவங்க மட்டும், 'ஏதோ வகுறு நெம்புச்சு'ன்னாங்க. பச்சை மொளகாய்ப் பச்சடி, தேங்காப் பால், அவரைக்காய்ப் பொரியல், வடை ரெண்டு வகை. எனக்கு அதெல்லாம் ஞாபகமே இல்லை. கடைசி ஒரு மாசம் என்ற கையாலதான் ஊட்டுனேன். அப்பவும் செவுத்தைத்தான் பார்த்தாங்க.

அவரு வந்ததும் சொன்னேன், 'உங்கம்மா வந்துட்டுப் போனாங்க. பதினோரு மணிக்கு.' 'எங்கம்மாகிட்டப் பாஸ்போர்ட்டே இல்லியே'ன்னாரு. கேலிதான். அவருக்குச் சாமியும் கெடையாது, சாங்கியமும் கெடையாது. காரியத்தன்னைக்குக்கூட மூணாம் பேரு ஊட்டு விசேசத்துக்கு வந்தாப்பல கையைக் கட்டிட்டு நின்னாரு.

அன்னைக்கு ராத்திரி சாப்பிடறப்பப் புத்தகத்தைத் தொறந்து காட்டறாரு, 'இதைத்தான் தேடறேன் மரகதம், பாரு'ன்னு. பார்த்தேன். அதே கருப்பு, அதே மஞ்சக் கயிறு. அட, நம்ம அத்தை.

சொல்லலை. ஏஞ் சொல்லோணும்? அவரு பறவையைத் தேடறாரு. நான் சோறு போட்டது பறவைக்கு இல்லை. அதுவும் போக, சொன்னேன்னா என்ன ஆவும்? மறுநாளே அந்தப் பீரங்கியாட்டம் கேமராவைத் தூக்கிட்டு வந்து எலைக்கு முன்னால போட்டுக்குவாரு. மனுசி சாப்பிடறப்ப மூஞ்சிக்கு நேரா அதை நீட்டுனா எப்படி எறங்கும்? கல்யாணப் பந்தியில வீடியோக்காரன் வந்தாலே நாம கையை மடக்கிக்கறோம். அதனால நான் பாட்டுக்குத் தெனமும் வெச்சேன், அவங்க பாட்டுக்குத் தெனமும் பதினோரு மணிக்கு வந்தாங்க, அவரு பாட்டுக்கு ஒரு மணி நேரத் தொலைவுல மறைப்புக்குள்ள மூச்சை அடக்கிட்டு உக்காந்திருந்தாரு. நான்தான் சொன்னேனே, அவரு விசயத்துல நான் தலையிட மாட்டேன்.

ஏன் எழுதறதை நிறுத்திட்டே? பேனாவுல மை இல்லையா? அந்த மேசையில வேற ஒண்ணு இருக்குது பாரு. சோறு வெச்சது நான், அவரு இல்லை. அதுல என்ன சிக்கல்? முழுசாக் கேளு.

ஒம்பதாம் நாளு. விடியால எறங்கறப்ப ஈரப் படியில அவருக்குக் கால் பெரண்டு போச்சு. கணுக்கால் பூசணிக்காயாட்டம் வீங்கிருச்சு. அன்னைக்குக் காட்டுக்குப் போக முடியலை. மறுநாளு ஊருக்குக் கெளம்போணும். மனுசன் அழாத கொறைதான். பின்னால இருக்கற நாற்காலியில உக்கார வெச்சு, இன்னொரு நாற்காலியில காலைத் தூக்கி வெச்சேன். கேமராவை மடியில வெச்சுட்டு மேகத்தைப் பார்த்துட்டுக் கெடந்தாரு. அவருகிட்டப் போயி, உங்கம்மா வர்ற நேரம், உள்ள போங்கன்னு சொல்லவும் மனசு வரலை. சரி, இன்னைக்கு ஒரு நாளு மத்தியானமா வெச்சுக்கலாம்னு நான் அடுப்புக்கிட்டயே நின்னேன்.

பதினொண்ணுக்குப் பத்து நிமிசம். அவரே திரும்பிப் பார்த்துக் கேக்கறாரு, 'இன்னும் வெக்கலியா?'

'எதைங்க?'ன்னேன். 'அம்மாவுக்கு'ன்னாரு.

சாமி இல்லை, சாங்கியம் இல்லைன்னு சொன்ன மனுசன் வாயில இருந்து அது வந்துச்சு. நான் எலை போட்டேன். கூரையில தடதடன்னு சத்தம். எறங்குனாங்க. அவரு பார்த்துட்டாரு. எட்டு நாளா மறைப்புக்குள்ள கெடந்து தேடுனது, அஞ்சடி தூரத்துல வந்து எலை முன்னால நிக்குது. கேமராவைத் தூக்குனாரு. தூக்குனவரு எறக்கிட்டாரு. ஒரு படத்துக்கு ஐநூறு தடவை டர்ருன்னு தட்டற ஆளு அம்மணி, கல்யாண ஊட்டுல ரெண்டு படத்துக்குப் பேட்டரியே தீர்ந்து போவும். சாப்பிட்டு முடியற வரைக்கும் தொடவே இல்லை. பார்த்துட்டே இருந்தாரு. எலை காலியான பொறவு அது தலையைத் தூக்கி அவரைப் பார்த்துச்சு. அப்ப ஒண்ணு. ஒரே ஒண்ணு. சடக்.

அது பறந்து போயி ரொம்ப நேரம் கழிச்சு, 'எங்கம்மா எளச்சுட்டா, மரகதம்'னாரு.

நான் அதைப் பத்திக் கேக்கலை. கேட்டா, அப்படி நான் சொல்லவே இல்லைம்பாரு. உனக்கு ஒண்ணு சொல்லோணும் அம்மணி, இதை எழுத வேண்டாம். எங்க மாமியார் உசுரு போறப்ப அவரு வால்பாறையில இருவாச்சிப் பறவைக்குக் காத்துட்டு மறைப்புக்குள்ள உக்காந்திருந்தாரு. போன் எடுக்கலை, அங்க டவரும் இல்லை. கடைசிப் பாலைக் கொழுந்தனார்தான் ஊத்துனாரு. இவரு வர்றப்பப் பாடை கட்டி எடுத்து வெச்சிருந்தாங்க. அதைப் பத்தி இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை பேசுனதில்லை.

என்ன அது, கையில? படமா? அவரு எடுத்ததா? இது என்ன, அலகு மட்டும் இத்தனை பெருசா? பல் டாக்டர் கம்ப்யூட்டர்ல பெருசாக்குனதா. எங்க, வெளிச்சத்துல காட்டு.

பருக்கை. அலகு நுனிக்குச் சித்த மேல ஒட்டிட்டு இருக்குது. மஞ்சளா. பக்கத்துல பாதித் துவரம்பருப்பு. ஆமா, என்ற சோறுதான். கொழையாம, அரிசி அரிசியாத் தெரியுது பாரு. அங்க இருந்தது அவங்க ஊரு குக்கர், எனக்குப் பழக்கமே இல்லை, ஆனாலும் பதம் சரியா வந்திருக்குது.

கொஞ்சம் இரு.

அப்ப இதை வெச்சுத்தான் அவரு பேரை எடுக்கப் போறீங்க. நான் ஆக்குன சோத்தை வெச்சு. இத்தனை நேரமா உக்காந்து அதைத்தான் உனக்கு எடுத்துக் குடுத்திருக்கறேன். சோறு வெச்சது நான், வெக்கச் சொன்னது அவரு. தெனமும் பதினோரு மணின்னு நானே எழுதிக்கச் சொன்னேன். நீயும் 'ம்' கொட்டிட்டு இருந்திருக்கறே. நல்ல புள்ளை நீ, நடுவுல நிறுத்தப் பார்த்தே, நான்தான் வுடலை.

எனக்கு ஒண்ணு கேக்கோணும். இந்தப் பருக்கையை அழிக்கறது பெரிய வேலையா? ஒரு நிமிசமா? என்ற பையன்கூடச் சொல்லுவான், கம்ப்யூட்டர்ல எதை வேணும்னாலும் தொடைச்சுரலாம்னு. அப்ப அவரு பார்க்கலையா? பார்க்காம எங்க போவாரு. அனுப்பறதுக்கு முந்தி ஒரு வாரம் அந்தப் பொட்டி முன்னால உக்காந்து எறகு எறகா எண்ணுனவரு. அடுத்தவன் படத்துல தொட்டி விளிம்பைக் கண்டுபிடிக்கறவருக்குத் தன்ற படத்துல பருக்கை தெரியாதா?

தெரிஞ்சிருக்குது. அழிக்கலை. ஏழாவது கட்டத்துக்கு வந்திருக்காரு. 'வெச்சோம்'னு எழுதினா அவங்கம்மாவுக்குப் போட்ட சோறு தூண்டிப் புழுவாயிரும். 'வெக்கலை'ன்னு எழுதினாப் பொய். முப்பத்தி ரெண்டு வருசமா அடுத்தவனைக் காலிக் கட்டம் நெரப்ப வெச்ச மனுசன், பேனாவைக் கையில வெச்சுட்டு அப்படியே வுட்டுட்டாரு. இந்த நாற்காலியில உக்காந்துதான் அம்மணி எழுதுனாரு. நான் அந்தப்பக்கம் கீரை ஆய்ஞ்சுட்டு இருந்தேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல என்னை.

எனக்கு அழுகையா வருது. ஒண்ணுமில்லை, நீ தண்ணியைக் குடி.

சரி, குடு அந்தக் காயிதத்தை. பேனாவும் குடு. நானே எழுதறேன், என்ற எழுத்து கோணலா இருந்தாலும் படிக்கலாம். 'எங்கள் மாமியாருக்கு நான் சோறு வைத்தேன். வந்து சாப்பிட்டார்கள். அப்போது எடுத்த படம் இது. மரகதம்.' கீழ தேதி போட்டுட்டேன். இப்பக் கட்டம் காலியில்லை. தள்ளிக்குங்க. அவரு எழுதுன விதி, அவருக்கு மட்டும் இல்லைன்னு ஆயிருமா? மூணு வருசம் சங்கத்துக்கு வராம இருந்தா என்ன, பாவம் அந்த மீன்கொத்திகளாச்சும் தொட்டி மீனை நிம்மதியாத் திங்கட்டும். சாயங்காலம் நானே அவருகிட்டச் சொல்லிக்கறேன். கோபப்பட மாட்டாரு. பட்டா ஒரு நாளு படுவாரு.

ஆனா ஒண்ணு. இந்தப் பெருசாக்குன படத்தை எனக்குக் குடுத்துட்டுப் போ. சங்கத்துக்கு வேணும்னா டாக்டரை இன்னொண்ணு எடுத்துக் குடுக்கச் சொல்லு. முழுப் பறவை எனக்கு வேண்டாம், அது அவரு படம், அவரு வெச்சுக்கட்டும். எனக்கு இந்த அலகு போதும். முப்பத்தி ஒரு வருசம் ஆக்கிப் போட்டேன் அம்மணி, எங்க மாமியார் என்ற சோத்தை ஒரு கொறையும் சொல்லாமச் சாப்பிட்டாங்கங்கறதுக்கு இதை வுட்டா வேற அத்தாட்சி என்கிட்ட இல்லை.